டீன் ஏஜ் பிள்ளைகளுக்குக் கப்பலில் தனி கேபின் எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: அப்பா, அம்மா, 14 வயதில் ஒரு மகன், 17 வயதில் ஒரு மகள். ஒரு வாரக் கப்பல் பயணம். நான்கு பேரும் ஒரே கேபினில் முட்டிமோதிக்கொண்டு போவதா, இரண்டு கேபின் எடுப்பதா? இரண்டு எடுத்தால் பிள்ளைகளை ஒரு கேபினில் தனியாக விடக் கப்பல் நிறுவனம் சம்மதிக்குமா?

இரண்டு கேபின் எடுங்கள். பிள்ளைகளைத் தனி கேபினில் தூங்க வைப்பதும் பெரிய கப்பல்களில் அன்றாடம் நடப்பதுதான். ஆனால் இணையதளத்தில் ‘ஒரு கேபினில் 2 பெரியவர், இன்னொன்றில் 2 சிறுவர்’ என்று போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அடுத்த பக்கத்துக்கே போகாது. யார் பெயர் எந்த கேபினில் பதிவாகிறது, யார் எந்த கேபினில் படுக்கிறார்கள் என்ற இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

முதலில் வயது விதி. ஒவ்வொரு கேபினிலும் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய ஒருவராவது பதிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான ஏற்பாடு. அந்த வயது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே நிறுவனத்திலும் கப்பல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் பொறுத்து மாறும். ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், வட அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பயணங்களுக்கு 21. ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்புபவற்றுக்கு 18. எனவே 19 வயதில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒரு பயணத்தில் பெரியவர், இன்னொன்றில் சிறுவர். பலரும் தடுக்கி விழும் இடம் இது. சட்டப்படி மேஜர்தானே என்று அண்ணனையும் தம்பியையும் ஒரு கேபினில் போட்டுவிட்டு, பணம் கட்டப் போகும்போதுதான் விஷயம் தெரியவரும். வயதைக் கப்பல் கிளம்பும் நாளில் கணக்கிடுவார்கள், புக் செய்யும் நாளில் அல்ல. பயணத்தின் மூன்றாம் நாள் பிறந்தநாள் வந்தாலும் பயன் இல்லை.

பெற்றோர் பக்கத்து கேபினிலோ நேரெதிர் கேபினிலோ இருந்தால் இந்த விதியைப் பல நிறுவனங்கள் தளர்த்துகின்றன. சிலர் தூரத்தைக்கூட எண்ணி வைத்திருக்கிறார்கள்: சின்னப் பிள்ளை என்றால் அடுத்த கதவு அல்லது எதிர்க் கதவு, கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் சில கதவுகள் தள்ளி இருக்கலாம் என்பதுபோல. இந்தத் தளர்வு நிறுவனத்தின் விதிப்பக்கத்தில் எழுத்தில் இருந்தாலும் புக்கிங் மென்பொருள் அதை ஏற்காது, போனில்தான் முடியும். போன் செய்யும் முன் இரண்டு கேபின் எண்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘பக்கத்துப் பக்கத்தில் ஏதாவது பாருங்கள்’ என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் எது சுலபமோ அதைத்தான் கொடுப்பார்.

தளர்வு கிடைக்கவில்லையா, போன் பேசப் பொறுமை இல்லையா? இன்னொரு வழி இருக்கிறது. நடைமுறையில் அதிகம் பேர் செய்வதும் அதைத்தான். அப்பாவும் மகனும் ஒரு கேபின், அம்மாவும் மகளும் பக்கத்து கேபின் என்று பதிவு செய்துவிடுங்கள். கப்பல் ஏறியதும் உங்கள் வசதிப்படி மாறிப் படுத்துக்கொள்ளலாம். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. டிராவல் ஏஜென்ட்டுகளே இப்படித்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். கப்பலின் கெஸ்ட் சர்வீசஸ் மேசையில் கேட்டால் மற்ற கேபினுக்கும் சாவிக் கார்டு அடித்துத் தருவார்கள். அங்கே கூட்டம் அதிகமாக இருப்பது ஏறிய நாள் மதியமும் மாலையும். ஏறியவுடன், சாப்பாட்டுக்குப் போகும் முன்னாலேயே போய்விட்டால் சீக்கிரம் முடியும்.

ஆனால் பெயர் எங்கே பதிவாகிறதோ அங்கேதான் பல விஷயங்கள் ஒட்டிக்கொள்கின்றன. இதை யோசிக்காமல் ‘எப்படிப் போட்டால் என்ன’ என்று போடுகிறவர்கள்தான் பிறகு சங்கடப்படுகிறார்கள்.

குடிபான பேக்கேஜை, அதாவது முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டிக் குடிக்கும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேபினில் ஒரு பெரியவர் மதுபான பேக்கேஜ் வாங்கினால் அதே கேபினில் இருக்கும் மற்றப் பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்பது பல நிறுவனங்களின் நிபந்தனை. கணவன் மனைவியில் ஒருவர்தான் குடிப்பார் என்றால், இருவர் பெயரும் வேறு வேறு கேபினில் இருப்பது லாபம். சேர்ந்து பயணிக்கும் எல்லோரையும் கணக்கில் எடுக்கிற நிறுவனமும் உண்டு. பேக்கேஜின் சிறிய எழுத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

சூட், அதாவது பெரிய சொகுசு கேபின் எடுக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சூட்டுக்கான தனி உணவகமும் லவுஞ்சும் அதில் பதிவானவர்களின் கார்டுக்குத்தான் திறக்கும். சூட்டில் அப்பாவும் மகனும், எதிரே உள்ள ஜன்னல் இல்லாத கேபினில் அம்மாவும் மகளும் என்று பதிவு செய்தால், அந்தச் சலுகை அம்மாவுக்குக் கிடையாது, 14 வயதுப் பையனுக்குக் கிடைக்கும். கூடுதலாக அடித்துத் தரும் கார்டு கதவைத் திறக்குமே தவிர லவுஞ்சைத் திறக்காது. சூட் வேண்டுமென்றால் போனில் பேசிப் பெற்றோர் இருவரையும் அதில் பதிவு செய்ய முயல்வதுதான் சரி. அது நடக்காவிட்டால் சூட்டுக்குக் கொடுக்கும் பணம் பாதி வீண்.

கப்பலுக்குள் செலவழிக்கத் தரும் கிரெடிட் பெரும்பாலும் கேபினுக்கு இவ்வளவு என்று வரும். இரண்டு கேபின் என்றால் இரண்டு தரம். பரிசாரகர்களுக்கான டிப்ஸ் தலைக்கு இவ்வளவு என்று நாள்தோறும் ஏறும். அது எத்தனை கேபின் என்றாலும் மாறாது.

இனி செலவு. ஒரு கேபினில் முதல் இரண்டு பேருக்கு முழுக் கட்டணம். மூன்றாமவர், நான்காமவருக்குக் குறைந்த கட்டணம். ‘பிள்ளைகளுக்கு இலவசம்’ என்று விளம்பரம் வருவதும் இந்த மூன்றாம், நான்காம் படுக்கைக்குத்தான். தனி கேபின் எடுத்தால் பிள்ளைகள் அங்கே முதலாமவர், இரண்டாமவர், சலுகை போய்விடும். துறைமுக வரி தலைக்கு ஒன்றுதான், இரண்டிலும் சமம். ஆகவே ஒப்பிட வேண்டியது கட்டணத்தை மட்டும். ஒரு கற்பனைக் கணக்கு: பால்கனி கேபினில் ஆளுக்கு 100, மூன்றாம் நான்காம் ஆளுக்கு 45 என்றால் நான்கு பேருக்கு 290. ஜன்னல் இல்லாத உள்கேபினில் ஆளுக்கு 70 என்றால் இரண்டு கேபின், நான்கு பேர், மொத்தம் 280. ஒரு பால்கனியும் எதிரே ஒரு உள்கேபினும் எடுத்தால் 200 கூட்டல் 140, அதாவது 340. உண்மையான விலைகள் வேறாக இருக்கும், ஆனால் இந்த மூன்றையும் எழுதிப் பார்க்காமல் ‘இரண்டு கேபின் என்றால் இரண்டு மடங்கு’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். சில பயணங்களில் இரண்டு உள்கேபின்கள் ஒரு நான்குபேர் பால்கனியைவிட மலிவாகவே வரும்.

பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். சாதாரண உள்கேபின் சுமார் 150 முதல் 180 சதுர அடி. நான்கு பேர் என்றால் இரண்டு படுக்கைகள் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும், இல்லையென்றால் சோபா படுக்கையாகும். இரவில் அவற்றை விரித்துவிட்டால் நடக்க ஒரு ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். குளியலறை ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்கு 17 வயதுப் பெண்ணும் அம்மாவும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும், ஷவருக்குள்ளே பையன் இருக்கிறான். இரண்டாவது கேபினின் மதிப்பு படுக்கையில் இல்லை, இரண்டாவது குளியலறையில்தான் இருக்கிறது.

பெற்றோருக்குப் பால்கனி, பிள்ளைகளுக்கு நேரெதிர் உள்கேபின். டீன் ஏஜ் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதுதான். பிள்ளைகள் கேபினுக்கு வருவது தூங்கவும் குளிக்கவும்தான். ஜன்னல் இல்லாத இருட்டில் பகல் பதினொரு மணி வரை தூங்குவது அவர்களுக்குச் சொர்க்கம். அவர்கள் கேபினில் பால்கனி இல்லாததால், கம்பியில் ஏறி உட்காருவார்களோ என்ற கவலையும் உங்களுக்கு இல்லை.

கேபின் எண் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பல கப்பல்களில் இரட்டைப்படை எண்கள் ஒரு பக்கம், ஒற்றைப்படை எண்கள் மறுபக்கம். 8122-க்கு அடுத்த கதவு 8124. 8123 அடுத்த எண் மாதிரித் தெரியும், ஆனால் கப்பலின் மறுபக்கத்து நடைபாதையில் இருக்கலாம், நடுவில் மாடிப்படியும் லிஃப்டும் வரலாம். இணையதளம் ‘8122, 8123 காலியாக உள்ளது’ என்று காட்டினால் மகிழ்ந்துபோகாமல் டெக் (கப்பலின் தளம்) வரைபடத்தைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். உள்கேபின்களின் எண்ணும் அதே வரிசையில் கலந்து வரும் என்பதால், எதிர்க்கதவு எது என்பதை வரைபடம் இல்லாமல் ஊகிக்கவே முடியாது.

பக்கத்து கேபின் வேறு, நடுவில் கதவுள்ள இணைப்புக் கேபின் வேறு. வரைபடத்தில் இரண்டு கேபின்களுக்கு நடுவே சின்ன முக்கோணமோ அம்புக்குறியோ இருந்தால் உள்கதவு இருக்கிறது என்று பொருள். எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்பது வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும். சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கு உள்கதவு வரம். டீன் ஏஜ் பிள்ளைகளுக்குக் கட்டாயம் இல்லை. இரண்டும் ஒரே விலை என்றால் எடுங்கள், அவ்வளவுதான். அந்தக் கதவு வழியாகச் சத்தம் கசியும். இணைப்புக் கேபின் ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்து மறுபக்கம் அறிமுகமில்லாதவர்கள் வந்துவிட்டால், அவர்களுடைய டிவியும் வாக்குவாதமும் ஒரு வாரம் உங்களுக்கும் சேர்த்துத்தான். இரண்டு பால்கனிகள் அடுத்தடுத்து எடுத்தால் நடுத்தடுப்பைத் திறந்துவிட முடியுமா என்று கேபின் உதவியாளரிடம் கேளுங்கள். பல கப்பல்களில் அதற்கென்று சாவி இருக்கிறது. எல்லாத் தடுப்புகளும் திறப்பவை அல்ல.

‘கேரன்டி’ கேபின் என்று மலிவாக ஒன்று விற்பார்கள். கேபின் வகை மட்டும் உறுதி, எண்ணை அவர்கள் பிறகு ஒதுக்குவார்கள். இரண்டு கேரன்டி எடுத்தால் ஒன்று மூன்றாம் டெக் முன்பகுதியிலும் மற்றொன்று பத்தாம் டெக் பின்பகுதியிலும் விழலாம். அப்புறம் கெஞ்சியும் பயன் இருக்காது, கப்பல் நிறைந்திருக்கும். வளர்ந்த பிள்ளைகளோடு போகும்போது மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

எண் கிடைத்த பிறகும் அது கைநழுவ ஒரு வழி இருக்கிறது. பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு ‘கூடுதல் பணம் சொல்லி மேல் வகைக் கேபினுக்கு ஏலம் கேளுங்கள்’ என்று மின்னஞ்சல் வரும். ஒரு கேபினுக்கு மட்டும் கேட்டு அது கிடைத்துவிட்டால், நீங்கள் மேலே, பிள்ளைகள் கீழே. ஏலத்தில் எந்த எண் வரும் என்பது உங்கள் கையில் இல்லை. ஏலம் கேட்காதீர்கள். நிறுவனமே இலவசமாக மேல் வகைக்கு மாற்றுவதும் உண்டு. ‘மேம்படுத்த வேண்டாம்’ என்ற குறிப்பை இரண்டு புக்கிங்கிலும் போடச் சொல்லுங்கள்.

இரண்டு கேபின் என்றால் பெரும்பாலும் இரண்டு புக்கிங் எண்கள். கணினிக்கு நீங்கள் ஒரே குடும்பம் என்று தெரியாது. இரண்டையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். இணைக்காவிட்டால் இரவுச் சாப்பாட்டு மேசை வேறு வேறாக வரும், ஏறும் நேரம்கூட மாறலாம். இணைத்துவிட்டேன் என்று போனில் சொன்னாலும், உறுதிச்சீட்டில் மற்ற புக்கிங்கின் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு அபாயத்தை யாரும் யோசிப்பதில்லை. அம்மாவுக்குக் கடைசி நேரத்தில் வர முடியவில்லை என்று வையுங்கள். அம்மாவும் மகளும் பதிவான கேபினில் இப்போது 17 வயதுப் பெண் மட்டும். தளர்வு இல்லாத நிறுவனத்தில் அது செல்லாது. அவளை அப்பா கேபினுக்கு மாற்ற வேண்டும், அந்தக் கேபினில் மூன்றாவது படுக்கை இருக்க வேண்டும். படுக்கை இருந்தாலும் இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. உயிர்காப்புப் படகுகளின் கொள்ளளவுக்கு ஏற்பக் கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. அது நிறைந்துவிட்டால் காலிப் படுக்கையைக்கூட விற்க மாட்டார்கள். எனவே இரண்டில் ஒரு கேபினையாவது மூன்று பேர் படுக்கக் கூடியதாக எடுக்க முடிந்தால் எடுங்கள். இரண்டு பேருக்கு அத்தகைய கேபினைத் தர சில நிறுவனங்கள் தயங்கும், ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆவணங்கள் பற்றிச் சுருக்கமாக. இரண்டு பெற்றோரும் கூடவே வந்தால் தனி கேபின் என்பதற்காகப் புதிதாக எதுவும் தேவையில்லை. ஒரு பெற்றோர் மட்டும் என்றாலோ, தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை அழைத்துப் போகிறார்கள் என்றாலோ, வராத பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் மருத்துவச் சிகிச்சைக்கான அனுமதியும் வேண்டும். நோட்டரி கையெழுத்தோடு வைத்திருப்பது நல்லது. மகளின் தோழியும் கூட வருகிறாள் என்றால் அவளுடைய பெற்றோரிடம் அதே கடிதத்தை நிறுவனத்தின் படிவத்தில் வாங்குங்கள். அவள் உங்கள் குடும்பம் இல்லை என்பதால், பக்கத்து கேபினில் பெற்றோர் இருந்தால் கிடைக்கும் தளர்வு அவளுக்குக் கிடைக்காமல் போகலாம். பெரியவர் ஒருவர் பெயரோடு அவளைச் சேர்த்துப் பதிவதுதான் பத்திரம்.

கப்பல் ஏறும் நாள் வேலைகள் சின்னச் சின்னவை, ஆனால் வரிசை முக்கியம். பெட்டிகளில் ஒட்டும் சீட்டில் பதிவான கேபின் எண் அச்சாகி வரும். பெட்டி யார் படுக்கும் கேபினுக்குப் போக வேண்டுமோ அந்தச் சீட்டை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் மாலை முழுக்க நடைபாதையில் பெட்டி இழுக்கும் வேலைதான். கேபின் உதவியாளரைப் பார்த்ததும் இங்கே நாங்கள் இருவர், அங்கே பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு, உங்கள் கேபினில் கட்டில்களைச் சேர்த்தும் பிள்ளைகள் கேபினில் பிரித்தும் போடச் சொல்லுங்கள். அக்கா தம்பிக்குக் கட்டில் பிரியாமல் கிடந்தால் முதல் இரவே பஞ்சாயத்து. அடுத்தடுத்த கேபின்களை ஒரே உதவியாளர் பார்ப்பது வழக்கம் என்பதால் ஒரு தடவை சொன்னால் போதும். பிள்ளைகள் கேபினில் மினிபார் இருந்தால் காலி செய்யச் சொல்லுங்கள். அதை எடுத்தவர் யாராக இருந்தாலும் பில் பதிவான பெரியவருக்கு வரும்.

பில் என்றதும் இன்னொன்று. பிள்ளைகளின் கார்டும் அந்த கேபினுக்குக் கொடுத்த கிரெடிட் கார்டோடு கோக்கப்பட்டிருக்கும். வீடியோ கேம் கூடத்தில் கார்டைத் தேய்த்தால் ஆடலாம், ஆடிக்கொண்டே இருக்கலாம். கெஸ்ட் சர்வீசஸில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரம்பு வைக்கச் சொல்லலாம், முழுதாக நிறுத்தியும் வைக்கலாம். மற்ற கேபினுக்குச் சாவி வாங்கும்போதே இதையும் முடித்துவிடுங்கள்.

மஸ்டர் ஸ்டேஷன், அதாவது ஆபத்து நேரத்தில் போய்க் கூட வேண்டிய இடம், கார்டில் அச்சாகியிருக்கும். அது பதிவான கேபினைப் பொறுத்தது. அடுத்தடுத்த கேபின்களுக்குப் பெரும்பாலும் ஒரே இடம்தான், எதிரெதிர் கேபின்களுக்கு மாறலாம். நான்கு கார்டுகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வேறாக இருந்தால் ஊழியர்களிடம் சொல்லுங்கள், ஆபத்து வந்தால் ஒருவரையொருவர் தேடாமல் நேராக எங்கே போவது என்று வீட்டுக்குள்ளும் பேசி வையுங்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் இத்தாலியில் கவிழ்ந்தபோது, அன்றைக்கே ஏறிய பயணிகள் பலருக்கு ஆபத்துக்காலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்புமுன்போ கிளம்பியவுடனோ பயிற்சி முடிய வேண்டும் என்று சர்வதேச விதியே மாறியது. பிள்ளைகள் ‘பாதுகாப்பு வீடியோவை ஃபோனில் பார்த்துவிட்டோம்’ என்று சொல்லி நழுவப் பார்ப்பார்கள். அந்த இடத்துக்கு நேரில் போய்க் கார்டைக் காட்டினால்தான் கணக்கு.

பிறகு வீட்டு விதிகள். பல கப்பல்களில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவைத் தாண்டிப் பெரியவர் துணையில்லாமல் பொது இடங்களில் சுற்றக் கூடாது; அந்த எல்லை பெரும்பாலும் இரவு 1 மணி. கேபினுக்குத் திரும்பியதும் உங்கள் கதவைத் தட்ட வேண்டுமா, செய்தி அனுப்பினால் போதுமா என்று முன்பே முடிவு செய்யுங்கள். டீன் ஏஜ் கிளப்பில் வயதுப் பிரிவு உண்டு. கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் 12 முதல் 14 ஒரு குழு, 15 முதல் 17 இன்னொரு குழு. ஆக 14 வயதுத் தம்பியும் 17 வயது அக்காவும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவார்கள் என்று எண்ண வேண்டாம். புது நண்பர்களைக் கேபினுக்குள் கூட்டி வரக் கூடாது என்பதை நான் கறாரான விதியாகவே வைக்கச் சொல்வேன். கதவுகள் தீத்தடுப்புக் கதவுகள், தானாகவே சாத்திக்கொள்ளும்; செருப்பையோ துண்டையோ இடுக்கித் திறந்து வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தொடர்புக்கு இன்டர்நெட் பேக்கேஜ் கட்டாயம் இல்லை. கேபினுக்குக் கேபின் தொலைபேசி இலவசம், பல கப்பல்களின் ஆப்பில் உள்ளுக்குள் செய்தியும் அனுப்பலாம். இதைவிட எளிதானது ஒன்று: கேபின் சுவரும் கதவும் இரும்பு, காந்தம் ஒட்டும். நாலைந்து காந்தங்களும் ஒரு சின்னக் குறிப்பேடும் எடுத்துப் போய்ப் பிள்ளைகள் கேபின் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்தால், ‘மாலை 6.30, சாப்பாடு, டெக் 4’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.